இ.ஆர். 90, ஹெர்2 2+, கேஐ-67 35: இந்த எண்களை வைத்து அம்மாவின் எதிர்காலத்தைச் சொல்ல முடியுமா?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. அம்மாவுக்கு 57 வயது, மாதவிடாய் நின்று ஆறேழு வருடம் ஆகிறது. இடது மார்பில் இருந்த 2.6 செ.மீ. கட்டியை அறுவைசிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். கிரேடு 2, அதாவது செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற மூன்று படிகளில் நடுப்படி. அக்குளிலிருந்து எடுத்த 14 நிணநீர்க் கணுக்களில் ஒன்றில் மட்டும் புற்று இருந்தது. ரிப்போர்ட்டில், கட்டியின் செல்களில் தேடிய நான்கு புரதங்களின் அளவு: இ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) 90 சதவீதம், பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) 10 சதவீதம், ஹெர்2 2+, கேஐ-67 35 சதவீதம். ஆனால் அறுவைசிகிச்சைக்கு முன் எடுத்த பயாப்சியில் வேறொரு லேப் கேஐ-67-ஐ 18 என்று எழுதியிருந்தது. ரத்தத்தில் சி.ஏ. 15-3 என்ற புற்றுக் குறியீட்டுப் புரதம் நார்மல். எந்த லேப் சரி, 35 என்பது ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இருக்கும் கேள்வி, அம்மா நன்றாக இருப்பாரா, அதை இந்த எண்கள் சொல்லுமா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் பேத்தாலஜிஸ்ட். கீமோ கொடுப்பதும் மாத்திரை எழுதுவதும் என் வேலை இல்லை. நீங்கள் பார்த்துப் பயப்படும் இந்த எண்களை எழுதுவதுதான் என் வேலை. அம்மாவின் ஸ்லைடைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். என் சுருக்கமான பதில்: இந்த நான்கு எண்களில் மூன்று, எந்த மருந்து வேலை செய்யும் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்கின்றன. நான்காவது, அதாவது உங்களை அதிகம் பயமுறுத்திய கேஐ-67, நான்கிலும் நம்பகம் குறைந்தது. உங்கள் ரிப்போர்ட்டில் இப்போது அவசரமாக முடிவு தெரிய வேண்டியது ஹெர்2 2+ என்ற இடம். அதைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை.

இந்த எண்கள் எப்படி வருகின்றன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். எடுத்த கட்டியை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து பிளாக் ஆக்குகிறோம். அதிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவி ஸ்லைடில் ஒட்டுகிறோம். தேடும் புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை அதன் மேல் விட்டு, ஒட்டிய இடம் பழுப்பு நிறமாகும்படி செய்கிறோம். மற்ற இடமெல்லாம் நீலம். இ.ஆர்., பி.ஆர்., கேஐ-67 மூன்றும் செல்லின் உட்கருவில் இருப்பவை. அதனால் உட்கருக்கள் பழுப்பாகத் தெரியும், அதில் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணுகிறோம். ஹெர்2 செல்லின் வெளிச்சவ்வில் இருப்பது. அது நிறைய இருந்தால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கெட்டியான பழுப்புக் கோடு ஓடி, மொத்தமும் கோழிக்கூண்டு வலை மாதிரித் தெரியும். அப்படி 10 சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் இருந்தால் 3+. கோடு முழுதாகச் சுற்றினாலும் நிறம் மங்கல் என்றால் 2+. 2+ என்றால் பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. 'இந்த முறையில் என்னால் முடிவு சொல்ல முடியவில்லை, ஜீனை எண்ணிப் பாருங்கள்' என்று பேத்தாலஜிஸ்ட் கைதூக்குவதுதான் அது. ஹெர்2 புரதத்தை உருவாக்கும் அந்த ஜீனை எண்ணும் பரிசோதனைக்கு ஃபிஷ் என்று பெயர். 2+ வந்த கட்டிகளில் பெரும்பாலானவை ஃபிஷ்ஷில் நெகட்டிவாகத்தான் வரும். ஆனால் பாசிட்டிவாக வந்தால் அம்மாவின் சிகிச்சையே மாறிவிடும்.

ஹெர்2-வின் கதையைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. 1987-ல் டென்னிஸ் ஸ்லாமனும் கூட்டாளிகளும் 189 மார்பகப் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்து, அவற்றில் சுமார் 30 சதவீதத்தில் இந்த ஜீன் பல மடங்கு பெருகியிருப்பதாக எழுதினார்கள். கணுக்களிலும் புற்று பரவியிருந்த பெண்களில், இந்த ஜீன் பெருகியிருந்தவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. பிறகு வந்த பெரிய கணக்குகளில் இந்த வகை 15 முதல் 20 சதவீதம் என்று தெரிந்தது, ஆனால் கெட்ட சகுனம் என்பது மாறவில்லை. அந்தக் காலத்தில் ஹெர்2 பாசிட்டிவ் என்று எழுதினால் அது கெட்ட செய்தி, அவ்வளவுதான். 1998-ல் அந்தப் புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2005-ல், அறுவைசிகிச்சைக்குப் பின் கீமோவுடன் அதையும் கொடுத்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தபோது, நோய் திரும்புவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. அப்புறம் ஒரு ஆய்வில், 3 செ.மீ.க்கு உட்பட்ட, கணுக்களுக்குப் பரவாத ஹெர்2 பாசிட்டிவ் கட்டி உள்ள 406 பேருக்கு லேசான கீமோவும் டிராஸ்டுசுமாபும் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஏழு ஆண்டுக்குப் பிறகும் 93 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள்.

அதே புரதம், அதே பழுப்புக் கோடு. 1987-ல் அதைப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கியிருப்பார். இன்று பல துறை டாக்டர்கள் கூடி நோயாளிகளைப் பற்றிப் பேசும் எங்கள் டியூமர் போர்டு கூட்டத்தில் 3+ என்றால் 'சரி, மருந்து இருக்கிறது' என்று அடுத்த கேஸுக்குப் போய்விடுவார்கள். ஒரு புரதம் கட்டியில் இருப்பது நோயாளியின் முடிவைத் தனியாகத் தீர்மானிப்பதில்லை. அந்தப் புரதத்துக்கு எதிராக நம் கையில் என்ன இருக்கிறது, அது அவருக்குக் கிடைக்கிறதா, அவர் அதை முடிக்கிறாரா என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு வருகிறது. கிடைக்கிறதா என்பது நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை. ஒரு வருடம் மூன்று வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டிய ஊசி அது. இந்தியாவிலேயே தயாரான மாற்று வகைகள் 2014-ல் வரத் தொடங்கிய பிறகுதான் விலை கொஞ்சம் இறங்கியது.

இ.ஆர். கதை இன்னும் பழையது. 1896-லேயே கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவைசிகிச்சை நிபுணர், சினைப்பையை எடுத்தால் மார்புப் புற்று சில பெண்களுக்குச் சுருங்குகிறது என்று எழுதினார். ஏன் சிலருக்கு மட்டும் என்பது பல பத்தாண்டுகள் புரியவில்லை. சிகாகோவில் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் புரிந்தது: அந்தப் புரதம் இருக்கும் கட்டிதான் ஹார்மோனை நிறுத்தினால் வாடும். இ.ஆர். பாசிட்டிவ் உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரையை ஐந்து வருடம் சாப்பிட்டால், அந்த ஐந்து வருடத்தில் நோய் திரும்புவது ஏறத்தாழ பாதியாகிறது, மார்பகப் புற்றால் இறப்பது பதினைந்து வருடக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-ல் வெளிவந்த கணக்கு இது. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல் வகை மாத்திரைகள் அதைவிடக் கொஞ்சம் மேல். அம்மாவின் 90 சதவீதம் ஐயத்துக்கு இடமில்லாத பாசிட்டிவ். ரிப்போர்ட்டில் இருக்கும் நல்ல செய்தி அதுதான், அதைப் பாராமல் 35-ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பி.ஆர். 10 என்பது கொஞ்சம் குறைவு. பி.ஆர். நன்றாக இருக்கும் கட்டிகளோடு ஒப்பிட்டால் இவை சற்று வேகமானவை, அவ்வளவுதான். அதை வைத்து மட்டும் யாரும் சிகிச்சையை மாற்றுவதில்லை.

இனி கேஐ-67. செல் பிரிந்து பெருகும் வேளையில் உட்கருவில் தோன்றும் புரதம் அது. ஓய்வில் இருக்கும் செல்லில் இருக்காது. கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதற்கு ஒரு குத்துமதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அதிகம் இருந்தால் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. சிக்கல், அதை எண்ணுவதில். கட்டி முழுக்க ஒரே மாதிரி பழுப்பு இருக்காது. ஓரத்தில் ஒரு மூலையில் அடர்த்தியாக இருக்கும், நடுவில் அங்கொன்று இங்கொன்று. ஒருவர் அடர்ந்த மூலையில் எண்ணுவார், இன்னொருவர் நான்கைந்து இடத்தில் எண்ணிச் சராசரி எடுப்பார். லேசாக மட்டும் பழுப்பான உட்கருவைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதிலும் ஆளுக்கொரு பழக்கம். இதையே சோதிக்க ஒரு முறை 100 கட்டிகளை எட்டு லேபுகளுக்கு அனுப்பினார்கள். எல்லாம் இந்தத் துறையில் பெயர் பெற்ற லேபுகள். அவரவர் முறையில் சாயமேற்றி எண்ணியபோது, அதே கட்டிகளுக்கு ஒரு லேபின் சராசரி 6 சதவீதம் அளவில் இருந்தது, இன்னொன்றின் சராசரி 30. பயாப்சியில் 18, அறுவைசிகிச்சையில் 35 என்று வந்ததற்கு ஒரு லேப் தப்பு செய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஊசியில் வந்த நூலிழைத் துணுக்கில் ஒரு பகுதிதான் இருந்திருக்கும், முழுக் கட்டியில் அடர்ந்த மூலையும் சிக்கியிருக்கும்.

இதனால்தான் கேஐ-67-க்கென்றே கூடிய சர்வதேசக் குழு 2021-ல் அடக்கமாக ஒன்று சொன்னது: இ.ஆர். பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், ஆரம்பநிலைக் கட்டியில் (ஃபிஷ் நெகட்டிவாக வந்தால் அம்மாவுடையதும் இந்த வகைதான்) 5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் குறைவு என்று நம்பலாம், 30 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம் என்று நம்பலாம், நடுவில் இருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். 18 நடுவில் விழுகிறது. 35 எல்லைக்குச் சற்று மேலே. நான் அம்மாவின் கட்டியை 'வேகம் நடுத்தரத்துக்கு மேல்' என்று சொல்வேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நோய் திரும்பும் வாய்ப்பைச் சொல்லும் புரதம், மருந்து கேட்குமா என்பதையும் சொல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. அபெமாசிக்லிப் என்று ஒரு மாத்திரை. திரும்பும் வாய்ப்பு அதிகமுள்ள இ.ஆர். பாசிட்டிவ் நோயாளிகளுக்குக் கொடுப்பது. 2021-ல் அமெரிக்கா அதை அனுமதித்தபோது கேஐ-67 20 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 2023-ல் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். கேஐ-67 அதிகமுள்ளவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது உண்மை, ஆனால் மாத்திரை தந்த பலன் குறைவாக உள்ளவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தது. அப்படியானால் மாத்திரையை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க அந்த எண் எதற்கு?

எண்ணை நம்பலாமா என்பதற்கு, எண்ணுவதற்கு முன் நடந்ததைப் பார்ப்பேன். எடுத்த மார்பை ஒரு மணி நேரத்துக்குள் வெட்டித் திறந்து ஃபார்மலினில் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும். முழு மார்பையும் வெட்டாமல் வாய் குறுகிய டப்பாவில் திணித்து, அரை டப்பா ஃபார்மலின் ஊற்றி, சனிக்கிழமை மாலை அனுப்பினால் திங்கள் காலை எங்களிடம் வருவது வெளியே வெந்து உள்ளே அழுகிய சதை. அதில் இ.ஆர். நெகட்டிவ் என்று வந்தால் நான் நம்ப மாட்டேன். கட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் நார்மல் பால்குழாய்ச் செல்களைப் பார்ப்பேன். அவற்றில் இயல்பாகவே சில உட்கருக்கள் பழுப்பாக வேண்டும். அவையும் நீலமாகவே இருந்தால் பரிசோதனை தோற்றுவிட்டது என்று பொருள், கட்டியில் புரதம் இல்லை என்று பொருள் இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1997 முதல் 2005 வரை இந்த வகைப் பிழைகள் கவனிக்கப்படாமல் போயின. மறுபரிசோதனையில் முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களின் ரிப்போர்ட் தவறு என்று தெரிந்தது. அவர்களில் பலருக்கு ஹார்மோன் மாத்திரை, அதாவது ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை, கிடைக்காமலே போயிருந்தது. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை நடந்து 2009-ல் அறிக்கை வந்தது. அம்மாவின் இ.ஆர். தெளிவான பாசிட்டிவ் என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

அம்மாவுக்கு நோய் திரும்புமா என்பதற்கு, இந்தப் புரதங்களைவிட அதிகம் சொல்லும் இரண்டு விவரங்கள் உங்கள் ரிப்போர்ட்டிலேயே இருக்கின்றன: கட்டியின் அளவும், கணுக்களின் எண்ணிக்கையும். இ.ஆர். பாசிட்டிவாக இருந்து ஐந்து வருடம் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு, நோய் இல்லாமல் நிறுத்திய 62,923 பெண்களை இருபதாம் ஆண்டுவரை தொடர்ந்த கணக்கு 2017-ல் வந்தது. 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி, கணுவில் ஒன்றும் இல்லை என்றால், ஐந்தாம் ஆண்டுக்கும் இருபதாம் ஆண்டுக்கும் இடையில் உடலின் வேறு பகுதியில் திரும்பியது 13 சதவீதம். அம்மாவைப் போல 2 முதல் 5 செ.மீ., ஒன்று முதல் மூன்று கணு என்றால் 26 சதவீதம். கிரேடும் கேஐ-67-உம் இதில் கொஞ்சம்தான் கூடுதலாகச் சொல்லின. பி.ஆரும் ஹெர்2-உம் அந்த நீண்ட காலக் கணக்கில் எதையும் சேர்க்கவில்லை. 26 என்றதும் பதற வேண்டாம். நூற்றில் 74 பேருக்குத் திரும்பவில்லை. தவிர, அவர்கள் எல்லோரும் பழைய காலச் சிகிச்சை பெற்றவர்கள், ஐந்து வருடத்தோடு மாத்திரையை நிறுத்தியவர்கள். இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. இ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 மூன்றும் இல்லாத கட்டி திரும்பினால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்தில் திரும்பும், ஐந்து தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அம்மாவின் வகை அப்படி ஆரம்பத்தில் ஆர்ப்பாட்டம் செய்யாது, ஆனால் வருடக்கணக்கில் கண்காணிக்க வேண்டியது.

ஃபிஷ் நெகட்டிவாக வந்தால் அடுத்த கேள்வி கீமோ வேண்டுமா என்பதாக இருக்கும். இங்கே ஒரு உறுதியான ஆய்வு இருக்கிறது. ஒன்று முதல் மூன்று கணுவில் புற்று இருந்து, கட்டியின் 21 ஜீன்களைப் பார்க்கும் ஆன்கோடைப் பரிசோதனையில் 25 அல்லது அதற்குக் கீழ் வந்த பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் கீமோ கொடுத்தார்கள். மாதவிடாய் நின்றவர்களில் ஐந்து வருட முடிவில் இரண்டு பிரிவிலும் 91, 92 சதவீதம் பேர் நோயில்லாமல் இருந்தார்கள். கீமோவால் எதுவும் கூடவில்லை. மாதவிடாய் நிற்காதவர்களுக்குக் கீமோவால் பலன் இருந்தது, அது வேறு கதை. ஆன்கோடைப் பரிசோதனைக்கு அமெரிக்காவுக்கு பிளாக் அனுப்ப வேண்டும், விலை பலருக்குக் கட்டுப்படியாகாது. பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட், ஐந்து புரதங்களை இதே பழுப்புச் சாய முறையில் பார்த்து, கட்டியின் அளவு, கிரேடு, கணு மூன்றையும் சேர்த்து, ஐந்து வருடத்தில் திரும்பும் வாய்ப்பு குறைவா அதிகமா என்று சொல்கிறது. விலை குறைவு, இந்தியப் பெண்களின் கட்டிகளை வைத்தே உருவாக்கியது என்பதெல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் குறைவு என்று வந்தவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, கீமோ இல்லாமலும் பாதுகாப்பு என்று ஆன்கோடைப் போல நிரூபித்த அளவுக்கு இன்னும் சான்று சேரவில்லை. கேஐ-67 35 என்பதால் உங்கள் டாக்டர் இரண்டும் வேண்டாம், கீமோவே கொடுத்துவிடலாம் என்றாலும் அது தப்பான யோசனை இல்லை. அம்மாவின் இதயம், சர்க்கரை, உடல் தெம்பு எல்லாம் பார்த்தவர் அவர்தான்.

சி.ஏ. 15-3 நார்மல் என்பதை வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம், பிறகு கூடினால் இடிந்துபோகவும் வேண்டாம். ஆரம்பநிலையில் பெரும்பாலோருக்கு அது நார்மலாகத்தான் இருக்கும். பரவிய நோயில் மருந்து கேட்கிறதா என்று பார்க்க அது உதவும். மூன்று மாதத்துக்கொரு முறை நீங்களாகவே லேபில் கொடுத்துப் பார்ப்பதால் அம்மாவுக்கு ஆயுள் கூடாது. அறுவைசிகிச்சை முடிந்த பெண்களுக்கு எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே என்று அடிக்கடி எடுத்தால் பலன் உண்டா என்று இத்தாலியில் செய்த இரண்டு ஆய்வுகள் 1994-ல் வந்தன. டாக்டர் பரிசோதனையும் வருடாந்தர மேமோகிராமும் மட்டும் செய்துகொண்டவர்களைவிட அவர்கள் கூடுதலாக வாழவில்லை.

இணையத்தில் தேடினால் பி53, கத்தெப்சின் டி என்று இன்னும் ஐம்பது புரதப் பெயர்கள் வரும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சின்ன ஆய்வில் 'மோசமான முடிவைக் காட்டுகிறது' என்று வந்திருக்கும், அடுத்த ஆய்வில் காணாமல் போயிருக்கும். அதற்கு நேர்மாறாக யு.பி.ஏ., பி.ஏ.ஐ.-1 என்ற ஜோடி நன்றாகவே நிரூபணமானது. ஆனால் அதற்குக் கட்டியை எடுத்தவுடன் உறையவைத்து அனுப்ப வேண்டும், ஃபார்மலினில் போட்டால் ஆகாது. அதனால் எங்களில் பலர் வாழ்நாளில் அதைச் செய்து பார்த்ததே இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் இவை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: ஃபிஷ்ஷுக்கு பிளாக் போயிருக்கிறதா என்று நாளையே கேளுங்கள். போகவில்லை என்றால் லேபில் பிளாக்கை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். ஒரு வாரம் பத்து நாளில் முடிவு வந்துவிடும், அதுவரை காத்திருப்பதால் கெடுதல் இல்லை. எந்த வழியில் போனாலும் கடைசியில் அம்மா கையில் ஒரு ஹார்மோன் மாத்திரை வரும், குறைந்தது ஐந்து வருடத்துக்கு. ஆறேழு மாதத்தில் விரல் மூட்டும் முழங்காலும் வலிக்கிறது என்று நிறையப் பேர் வீட்டில் சொல்லாமல் அதை நிறுத்திவிடுகிறார்கள். வலித்தால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றலாம், டமாக்சிஃபெனுக்கும் மாற்றலாம். லெட்ரோசோல் வகை மாத்திரை எலும்பை மெலிய வைக்கும் என்பதால், தொடங்கும்போதே எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள்.